கதவில் மாட்டிய விசில்

ஜூன் 3, திங்கட்கிழமை

சின்னவளே,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் போதும். போன் நம்பரை மாற்றிவிட்டாய். நாலு வருடமாக நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. போன வருடம் அண்ணனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி அனுப்பினாயே, கூடவே ஒரு வரி எழுதாமல், அந்தக் கண்ணாடிக் கூட்டின் மேல் உன் கண் ஆஸ்பத்திரி முகவரி அச்சாகியிருந்தது. போன வாரம் அண்ணனிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கூட்டை எடுத்து வந்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாதர் சங்கத்துக்கு விருது கொடுக்கிறார்கள். சிரிக்காதே. மக்களுக்காகக் குரல் கொடுத்த உள்ளூர் மகளிர் சங்கங்களுக்கு இந்த வருடத்திலிருந்து அங்கீகாரமாம். நம்முடையதுதான் முதல். ஒரு அதிகாரி கோப்போடு வந்து என் தையல் அறையில், வெட்டிய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் சிக்னல் விளக்கு கேட்டு நாம் போட்ட நாற்பத்துமூன்று மனுவும் அந்தக் கோப்பில் இருந்தன. "இவ்வளவு நாள் இதையெல்லாம் யாராவது படிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். "இப்பத்தாம்மா படிச்சேன்" என்றார், பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். டீ கொடுத்தேன்.

ரெண்டு வருடம் ஒரு நாள் விடாமல் எப்படி நின்றீர்கள் என்று கேட்டார். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவருக்குச் சொல்லும்போது எனக்கே புதிதாகக் கேட்டது. காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை, ஜல்லி லாரிகள் பறக்கிற ரோட்டில், நம்மில் ஒருத்தி சிவப்புத் துணியும் விசிலுமாக நின்று பிள்ளைகளைக் கடத்திவிடுவாள். யாருக்கு எந்த நாள் என்பது தலைவிக்கு மட்டும்தான் தெரியும். தலைவி என்றால் என் அண்ணி, அதாவது உன் அக்கா. முறை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் போய் விசிலை முறை வந்தவள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வருவாள். கதவில் விசில் தொங்கினால் நாளைக்கு உன் முறை. முடியவில்லையா, எடுத்து இன்னொருத்தி கதவில் மாட்டிவிடலாம். யார் மாட்டினார்கள் என்று கேட்கக்கூடாது. ஏன் முடியவில்லை என்றும் கேட்கக்கூடாது. "அதென்ன, ஏன் கேக்கக் கூடாது?" என்றார். "புருஷன் அடிச்சுக் கன்னம் வீங்கினதையும் காரணமா சொல்லணும்னா எவ சார் சங்கத்துக்கு வருவா?" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டை மேடையில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். அது உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அனுப்பி வை. பாராட்டுப் பத்திரத்தையும் படித்துக் காட்டினார். "பணியில் இருந்தபோது உயிர் நீத்த தலைவி" என்று ஒரு வரி வருகிறது. நான் தலையை ஆட்டினேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பாய். விளக்கு வந்து மூன்றரை வருடம் ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உன் அக்காவைப் பார்த்ததே இல்லை. ஆனால் பச்சை விழுந்ததும் நடப்பதில்லை. கோட்டுக்குப் பின்னால் நின்று, கம்பத்துக்கு இடது பக்கம், அவள் நின்ற இடத்தில், ஒரு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பார்க்கின்றன. அப்புறம்தான் கடக்கின்றன. டீச்சரைக் கேட்டேன். "நாங்க சொல்லித் தரலைங்க. பெரிசுங்களைப் பார்த்து சின்னதுங்க பழகியிருக்கும்" என்றார். இருக்கும். ஒரு குட்டியை நிறுத்தி, "யாரைப் பாக்கறே?" என்று கேட்டேன். "போலாமான்னு பாக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் காலையில் போவதில்லை.

நோட்டை அனுப்பு.

தையல்கார செகரட்டரி


ஜூன் 10, திங்கட்கிழமை

செகரட்டரி அவர்களுக்கு,

நோட்டு என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன்.

நாற்பத்துமூன்று மனுவும் எழுதியது நீங்கள். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து முத்திரை வாங்கியது நீங்கள். கேடயம் உங்களுக்குத்தான் சேர வேண்டும், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாம். "பணியில் இருந்தபோது" என்பதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவள் நின்றாள் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் எழுத யாருக்கும் உரிமை கிடையாது, உங்களுக்கும்தான்.

நீங்கள் எழுதிய அந்தக் குழந்தையின் வார்த்தையைப் படிக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு வேலை இருட்டறையில். ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே வெளிச்சத்தில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்த வரி வரைக்கும் தெரியுது, இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி இருந்ததா நல்லா இருந்தது, இதையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வியாழக்கிழமை ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். வலது காதில் பஞ்சு வைத்திருந்தார். என்னால் அவரை எதுவும் கேட்க முடியவில்லை. அவரே எல்லா வரியையும் படித்துவிட்டு, "என்னம்மா, சரியா சொன்னேனா?" என்றார். நான் வெளியே ஓடிவிட்டேன்.

அத்தான் எப்படி இருக்கிறார்? கண்ணாடி போடுகிறாரா?

சின்னவள்


ஜூன் 15, சனிக்கிழமை

சின்னவளே,

உரிமை கிடையாதாம்! எனக்கு உரிமையைப் பற்றிப் பாடம் எடுக்க வந்துவிட்டாள். உன் அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நீ பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த நாளிலேயே அவள் எனக்குத் தோழி. என் அண்ணனுக்கு அவளைப் பேசி முடித்ததே நான்தான். அண்ணியான பிறகும் எங்களுக்குள் வாடி, போடிதான்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். இது ஐந்தாவது. இனி மூடி மறைத்துப் பிரயோசனம் இல்லை. நீ நோட்டை ஏன் எடுத்துக்கொண்டு போனாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அவள் இறந்த எட்டாம் நாள், யாரிடமும் சொல்லாமல், பெட்டியும் நோட்டுமாகப் போனாயே, அன்றைக்கே புரிந்துவிட்டது. அன்று அவள் முறை இல்லை என்று அதில் இருக்கிறது. யாரோ கொண்டுவந்து அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அதைப் பார்த்து நீ தெரிந்துகொண்டாய். அந்த யாரோ நான்தான் என்றும் தெரிந்துகொண்டாய். நாலு வருடமாக அதை எனக்கு எதிராகப் பத்திரமாக வைத்திருக்கிறாய்.

சரி. என் வாயாலேயே கேட்டுக்கொள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தையல் அறைக் கதவைத் திறந்தேன். வெளியே ஆணியில் விசில். ராத்திரி பூட்டும்போது இல்லை. யாருக்கோ முடியவில்லை, எனக்கு மாட்டியிருக்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவசரத் தையல்கூட இல்லை. எடுத்துக்கொண்டு போய், அதே வீட்டின் அடுத்த வாசலில், அண்ணனும் அவளும் இருக்கிற பக்கத்துக் கதவில் மாட்டினேன்.

ஏன் தெரியுமா? அதற்குப் பத்து நாள் முன்னால் பேப்பரில் நம் சங்கத்தைப் பற்றி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவள் சிவப்புத் துணியோடு நிற்கிற படம், பெரிய எழுத்தில் தலைவியின் பேர். நாற்பத்துமூன்று மனு எழுதியவளின் பேர் ஒரு மூலையில்கூட இல்லை. நான் அதைப் பார்த்துக் குமைந்தேன். "ஏண்டி, என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "சொன்னேன்டி, அவங்க போடல" என்றாள். நம்பவில்லை. ஒன்பது நாள் பேச்சு வார்த்தை இல்லை. அன்றைக்கு விசிலை மாட்டும்போது மனதுக்குள் என்ன சொன்னேன் என்று அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பேர் வாங்கினவளே போய் நிக்கட்டும்.

ராத்திரியே அவளுக்குக் காது வலி. அடுத்த அறையில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பஞ்சு வைத்த காதுப் பக்கத்திலிருந்துதான் அந்த லாரி இன்னொரு லாரியை முந்திக்கொண்டு வந்தது. நடுரோட்டில் நின்ற ரெண்டு பிள்ளைகளைத் தள்ளிவிட்டிருக்கிறாள். அவளால் தள்ளிக்கொள்ள முடியவில்லை.

மெஷினை மிதிக்கும்போது சில நேரம் அந்த விசில் சத்தம் வருகிறது. ரெண்டு சின்னதாக, ஒன்று நீளமாக, அவள் ஊதுவது போலவே. மெஷினை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. எண்ணெய் போட்டுப் பார்த்தேன். பெல்ட்டை மாற்றினேன். மெக்கானிக் வந்து, "ஒண்ணும் இல்லையேக்கா" என்றான்.

இப்போது நோட்டை அனுப்பு. பெட்டியில் வைக்க அல்ல. யாராவது ஒருத்தர் என்னைப் பிடித்துக் கேட்கட்டும்.

அண்ணன் கண்ணாடி போடுகிறான்.

செகரட்டரி


ஜூன் 22, சனிக்கிழமை

செகரட்டரி அக்கா,

உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு அக்காதான் என்று சின்ன வயதில் அடம் பிடித்தேன், நீங்களும் சிரித்துக்கொண்டே செகரட்டரி என்றே கூப்பிடு என்றீர்கள். இன்று கை தானாக எழுதிவிட்டது.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீங்கள் இத்தனை வருடம் எனக்குப் பயந்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் உங்களுக்குப் பயந்துதான் ஓடிவந்தேன்.

நோட்டை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே பாருங்கள். அக்காவின் கையெழுத்தில் "சின்னவள்" என்று இருக்கும்.

என் முறை. திங்கட்கிழமை சாயங்காலம் அவளே, நான் தனியாக வாடகைக்கு இருந்த அறைக்கு வந்து விசிலை மாட்டினாள். நான் உள்ளேதான் இருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு நேர்முகத் தேர்வு. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அவ்வளவு தூரம் போய் எதற்கு, இங்கேயே ஏதாவது பார்க்கலாம் என்று அழுவாள். அவள் அழுதால் நான் போகமாட்டேன். அதனால் வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் விசிலைக் கொண்டுவந்தேன். முதலில் அவள் கதவுக்குத்தான் வந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், சீவி முடித்து நல்ல புடவை கட்டியிருக்கிறேனே, எங்கே என்று கேட்பாள். காரணம் கேட்கக்கூடாது என்று விதி போட்டவள்தான், ஆனால் தங்கையைக் கேட்காமல் விடுவாளா? அதனால் அடுத்த கதவில், உங்கள் கதவில் மாட்டிவிட்டு ஓடினேன். நீங்கள் நிற்பீர்கள் என்று நிச்சயமாக நம்பினேன். வந்த விசிலை நீங்கள் ஒரு நாளும் இன்னொரு கதவுக்குத் தட்டிவிட்டதில்லையே.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தேன், அக்கா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. லாரி வந்த எட்டே முக்கால் மணிக்கு நான் ஒரு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருவில் கூட்டம். நீங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்து, "எங்கேடி போயிருந்தே?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி போதும் எனக்கு. உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, யார் முறை என்று தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூன்றாவது வாரம் வேலைக்கு உத்தரவு வந்தது. அந்த வேலையில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்.

விசில் உங்கள் கதவிலிருந்து எப்படி அவள் கதவுக்குப் போனது என்று நான் கேட்டதே இல்லை. நீங்கள் தட்டிவிட்டிருப்பீர்கள் என்று உள்ளுக்குள் தெரியும். அதற்காக உங்களை வெறுத்தேன். பாதி வெறுப்பு உங்கள் மேல் இருந்ததால்தான் மீதியைத் தாங்க முடிந்தது.

ஆனால் இது மட்டும் என்னை விடாது. அவளே கொண்டுவந்து என் கதவில் மாட்டினாள். விடிந்ததும் அது அவள் கதவில் தொங்குகிறது. அவளுக்குத் தெரியும் இல்லையா? நான்தான் தட்டிவிட்டேன் என்று தெரிந்துகொண்டே போய் நின்றிருக்கிறாள். என்ன நினைத்திருப்பாள்? அதைத்தான் நாலு வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தானிடம் சொல்லுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. சொல்லாதீர்கள் என்று எழுதவும் கை வரவில்லை.

சின்னவள்


ஜூன் 29, சனிக்கிழமை

சின்னவளே,

நோட்டு வந்தது. பழுப்பு அட்டை, மூலையில் என் வீட்டு டீக்கறை. அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். உன் பேருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. நின்றவள் திரும்பி வந்துதானே அதில் டிக் போட வேண்டும்.

நீதான் மாட்டினாய் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அன்று சாயங்காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டது, உன்னைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்ததால். வேறு ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவா ஊரை விட்டுப் போனாய், பைத்தியக்காரி! நான் உன்னைப் பார்த்துப் பயப்பட, நீ என்னைப் பார்த்துப் பயப்பட, நாலு வருடத்தைத் தொலைத்திருக்கிறோம். அழுதேன். கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அப்புறம் அண்ணன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்தான், ரெண்டும் நின்றுவிட்டது.

அவனைப் பற்றிக் கேட்டாய். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்போக்ஸ் நிமிர்த்துகிறான். யாரிடமும் சண்டை கிடையாது. செவ்வாய்க்கிழமை மட்டும் காலையில் கடை திறப்பதில்லை. சிக்னல் கம்பத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் எட்டேகாலுக்குப் போய் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு எழுந்து வருவான். போலீஸ் திருப்பிக் கொடுத்த விசிலைக் கடையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான். யாரும் அதைத் தொடுவதில்லை.

பஞ்சு வைத்தது அவன்தான். அப்போது உன் காதில் விழுந்ததோ என்னமோ. எண்ணெயைச் சூடு பண்ணி, பஞ்சில் நனைத்து, அவனே அவள் காதில் வைத்துவிட்டிருக்கிறான். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும் அதையே சொன்னான். "நான்தான் வெச்சேன். எடுத்துட்டுப் போன்னு சொல்லல." முதல் வருடம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சொல்வதில்லை, அது இன்னும் மோசம். என் அண்ணன் தன் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறான், நான் எதிரே உட்கார்ந்து பரிமாறுகிறேன்.

சொன்னால் அவன் பாரம் இறங்கும். எனக்குத் தெரியும். ஆனால் அப்புறம் அவன் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு என்ன செய்வேன்? இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? ரெண்டு தடவை நோட்டை எடுத்துக்கொண்டு கடை வரைக்கும் போய்விட்டு, டீ வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதிகாரிக்குப் போன் பண்ணி, "பணியில் இருந்தபோது" என்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். "கேடயத்துல எழுத்து வெட்டிட்டாங்கம்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவையாம்!

விழா பதின்மூன்றாம் தேதி. உன் பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நீயே சொல், என்ன செய்யட்டும்?

செகரட்டரி


ஜூலை 4, வியாழக்கிழமை

அக்கா,

சொல்லிவிடுங்கள். என் பேரை முதலில் சொல்லுங்கள். உங்களுடையதை அப்புறம்.

அவர் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுதுங்கள். குறைக்காதீர்கள்.

சின்னவள்


ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை

சின்னவளே,

குறைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை அவன் முன்னால் விரித்து வைத்தேன். முதலில் உன் பேர், அப்புறம் என் பேர், நீ சொன்னபடியே. நீ மாட்டியது, நான் எடுத்து மாட்டியது, பேப்பரில் பேர் வராத பொறாமை எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்பப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தான். ஒரே ஒரு வார்த்தை, அதைப் படிக்க அவ்வளவு நேரம்.

"அன்னைக்கு அவ முறை இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காலையில கதவைத் தொறந்துட்டு, சிரிச்சா. நேத்து சாயந்திரம் நானே கொண்டுபோய் மாட்டினேன், விடியறதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு பாருங்களேன்னு சொன்னா. யார் வீட்ல மாட்டினேன்னு அவ சொல்லல, நான் கேக்கல. காது வலிக்குதுல்ல, நீயும் வேற எங்கயாவது மாட்டிடுன்னேன். வேணாங்க, அவளுக்கு என்ன கஷ்டமோன்னு சொல்லிட்டே செருப்பைப் போட்டா."

நீ கேட்டாயே, என்ன நினைத்திருப்பாள் என்று. அதுதான், சின்னவளே. அவளுக்கு என்ன கஷ்டமோ. அவ்வளவுதான் நினைத்திருக்கிறாள். திட்டியிருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏன்ணே கேக்கல? நாலு வருஷம்!" என்று கத்திவிட்டேன். "கேக்கக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்காளே" என்றான். "மாட்டினவங்களே வந்து சொல்வாங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமை பெஞ்ச்ல உக்காருவேன். அங்க வந்தா சொல்றதுக்கு வசதியா இருக்கும்னு."

நாலு வருடம், செவ்வாய்க்கிழமை தவறாமல், நமக்காக உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு செவ்வாய்க்கிழமைகூட அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அப்புறம் என்னைக் கேட்டான். "அவளுக்குக் காது வலின்னு உனக்குத் தெரியாதா?" தெரியாது என்றேன். "ஒரே வீட்ல இருந்துட்டா?" என்றான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான்.

நேற்று விழா. பெரிய மண்டபம், குளிர்சாதனம், நம் பெண்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே நிறப் புடவையில். நீ இருந்திருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பாய். நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கச் சொன்னேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து எவ்வளவு அழகு" என்றார்கள்.

மேடையில் ரெண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "இதுல தப்பா எழுதியிருக்கு. எங்க தலைவி செத்த அன்னைக்கு அவங்க முறை இல்ல. எங்க முறை. நாங்க தட்டிவிட்டோம். அவங்க போய் நின்னாங்க" என்றேன். இதோ, இப்போது யாராவது எழுந்து கேட்பார்கள் என்று நின்றேன்.

கை தட்டினார்கள், சின்னவளே. மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்று மைக்கில் சொன்னார். நான் தலையை ஆட்டி ஆட்டி, இல்லை, இல்லை என்கிறேன், இன்னும் தட்டுகிறார்கள். கடைசி வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரே ஒரு ஆள் மட்டும் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். அவன் இருந்ததால்தான் கீழே இறங்கி நடந்து வர முடிந்தது எனக்கு.

கேடயத்தை மெஷினுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இன்று காலை கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஆணியில் விசில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

செகரட்டரி


ஜூலை 19, வெள்ளிக்கிழமை

அக்கா,

நேற்று வேலை முடிந்து வந்தபோது என் அறைக் கதவில் ஒரு பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. தபால் பெட்டிக்குள் நுழையவில்லையாம், தபால்காரர் அதன் கயிற்றை அப்படியே கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலே அத்தான் கையெழுத்தில், நோட்டுத் தபாலில் நான் எழுதியிருந்த அறை முகவரி. பிரித்தேன். நான் அனுப்பிய அந்தக் கண்ணாடிக் கூடு. உள்ளே விசில்.

கடிதம் இல்லை. கூட்டை உதறிப் பார்த்தேன், கண்ணாடி துடைக்கிற துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

மன்னித்துவிட்டாரா, இல்லை, இதை நீயே வைத்துக்கொண்டு சாகு என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. ராத்திரி முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஊதிப் பார்க்கப் பயம். அதன் விளிம்பில் பல் பட்ட தடம் ஒன்று இருக்கிறது. அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

விளக்கு வந்துவிட்டது, இனி அங்கே நிற்க ஆள் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கதவில் விசில் மாட்டியிருக்கிறது. இந்தத் தடவை தட்டிவிட எனக்கு வேறு கதவு இல்லை, வேண்டவும் வேண்டாம். வருகிற செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்குக் கம்பத்துக்கு இடது பக்கம் நிற்பேன். பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே ஒரு ஆள் இருக்கட்டும். நோட்டைக் கொண்டுவாருங்கள், அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அவர் பெஞ்சில்தான் இருப்பார். நீங்களும் வந்து பக்கத்தில் உட்காருங்கள். உங்களை எழுப்பிவிட மாட்டார்.

இன்று காலை லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதாமல் கொடுத்ததால் மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். "ஏதாவது ஒண்ணு எழுதும்மா, கல்யாணம், காய்ச்சல், எதுவா இருந்தாலும் சரி" என்றார்.

"என் முறை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சின்னவள்